ஊசியக்கா வைத்த புள்ளிகள்

அந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் தட்டுகிற கதவு ஊசியக்காவுடையதுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கிளினிக்கில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். குழந்தையிடம் "அங்க பாரு, யாரு வராங்கன்னு" என்பாள். அது திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பெரியவர்கள்கூட, "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். அப்படிப்பட்ட கை அது. ஊரே மெச்சிய அந்தக் கையைத்தான் இப்போது அவள் வெட்டிப் போட்டுவிடலாமா என்கிற அளவுக்கு வெறுக்கிறாள்.

அவள் புருஷனுக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்துகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் லென்ஸ் விரலைக் கிழித்துவிட, கிளினிக்குக்கு ஓடிப்போய், "சிஸ்டர், வலிக்காமப் போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினார். ஊசி போட்ட சிஸ்டரையே கட்டியும் கொண்டார். ஆனால் கூப்பிடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. கட்டின பொண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே மனுஷன் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். மாமியார் உயிரோடு இருந்தவரை தலையிலடித்துக்கொண்டார். "என்னடா இது கண்றாவி?" என்பார். யார் கேட்டார்கள்!

அந்த வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் புருஷனும் பொண்டாட்டியும் இருந்தார்கள். இன்னொன்றில் விமானம் இருந்தது.

பொம்மை விமானம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனுஷன் மூன்று நாளைக்குப் பேசமாட்டார். அந்தக் காலத்து இரட்டை இன்ஜின் போர் விமானம் ஒன்றை அளவெடுத்து, ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி, தக்கை மாதிரி லேசான மரத்தில் அவரே அறுத்து ஒட்டியது. இந்த இறக்கை நுனியிலிருந்து அந்த இறக்கை நுனி வரை ஓர் ஆள் கையை விரித்துப் படுத்தாலும் எட்டாது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். தரையில் நின்றுகொண்டு ரிமோட்டில் ஓட்ட வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பழைய தொழிற்சாலை மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அவர்களில் கண்ணாடிக்காரரும் ஒருவர். மற்றவர்கள் கடையில் வாங்கிப் பறக்கவிடுவார்கள். இவர் நாலு வருஷமாகக் கட்டினார்.

எல்லாம் எதற்கு என்கிறீர்களா? தன் கையால் செய்த ஒன்று தலைக்கு மேலே போவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வேறு எதற்கும் ஆசைப்பட்ட மனுஷனில்லை அவர். வீட்டில் நாற்காலி உடைந்தால் கயிறு கட்டி உட்காருகிற ரகம்.

போன வருஷத் தொடக்கத்திலேயே விமானம் தயார். இரண்டு இன்ஜினையும் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று. மைதானத்துக் கூட்டாளிகள், "எடுத்துட்டு வாய்யா, இன்னும் எத்தனை நாளைக்கு வீட்லயே பூட்டி வெச்சிருப்ப?" என்று நச்சரித்தார்கள். இவர் கேட்கவில்லை. புள்ளி வைக்க வேண்டுமாம்!

நிஜ விமானத்தின் தகடுகளைக் குமிழ் ஆணி அடித்துப் பிணைத்திருப்பார்கள் அல்லவா? ரிவெட் என்பார்களே, அதுதான். அந்த ஆணித் தலைகள் உடம்பு முழுக்க வரிசை வரிசையாகத் தெரியும். மாதிரி விமானத்தில் அதைக் காட்ட, ஊசிக் குழலில் வெள்ளைப் பசையை நிரப்பி, பென்சில் கோட்டின் மேல் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். காய்ந்ததும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். பிறகு மேலே பெயின்ட். மொத்தம் பதினோராயிரம் புள்ளிகள். "ஆணி இல்லாமப் பறந்தா அது காத்தாடி, சிஸ்டர். விமானம் இல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஊசியக்காதான் அவருக்குக் குழல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் இரண்டு வரிசை வைப்பார். பிறகு குளிக்கப் போவார். லென்ஸ் தூளும் பசையும் போகத் தேய்த்துக் குளித்து வர அரை மணி நேரமாகும். மறுநாள் புதிதாக ஆரம்பிக்கும் முன், முந்தின நாள் வரிசையை ஆள்காட்டி விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்பார். நேராக இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்"மைக் கேட்டுவிட்டுத்தான் இவள் அடுப்பைப் பற்றவைப்பாள். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. மூக்கிலிருந்து ஆரம்பித்து, விமானி உட்காருகிற கண்ணாடிக் கூண்டைத் தாண்டி, இறக்கை தொடங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் கோணியது.

ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் பார்த்தாள். அவர் குளிக்கப் போயிருந்தார். கடைசி இரண்டு வரிசைகள் பென்சில் கோட்டை விட்டு இறங்கி, குடித்துவிட்டு நடந்தவன் காலடி மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தன. லென்ஸில் முடியளவு பிசகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேய்க்கிற ஆள் வைத்த புள்ளியா இது?

அன்று சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு தடவ கண்ண டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"எதுக்கு?"

"சும்மாதான். வயசாகுதில்ல."

"வெள்ளெழுத்து சிஸ்டர், வேறென்ன? ஊருக்கே கண்ணாடி போட்டு விடுறவன் நான். எனக்குப் போட்டுக்கத் தெரியாதா?"

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"இது ஒரு தடவ பறந்துடட்டும். அன்னைக்கே வரேன். நீ எந்த டாக்டர்னு சொல்றியோ அங்க வரேன். சத்தியம்."

சத்தியம் என்று சொல்லிவிட்டால் அவர் மாறமாட்டார். அதே மாதிரி, அதற்கு முன்னால் அசையவும் மாட்டார். ஊசியக்கா படுத்துக்கொண்டு யோசித்தாள். வரிசை கோணலாக இருப்பது அவர் விரலுக்குத் தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி வைப்பார். மறுபடி கோணும். இப்படியே போனால் இந்த ஜென்மத்தில் விமானம் பறக்காது, அவரும் டாக்டரிடம் வரமாட்டார். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் பறக்கும். பறந்தால் கண்ணைக் காட்டிவிடலாம். எவ்வளவு நியாயமான யோசனை பாருங்கள்! பாவி, அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே அவர் தூங்கியதும் எழுந்துபோய், கோணிய அந்த இரண்டு வரிசையையும் சுரண்டிவிட்டு நேராக வைத்தாள். மறுநாள் சாயங்காலமும் அவர் குளிக்கப் போனதும் அந்த அறைக்குள் போனாள். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கோணலாக விழுந்த புள்ளிகளை நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தாள். குழலைப் பிடித்து, பென்சில் கோட்டின் மேல் சொட்டுச் சொட்டாகப் புதிதாக வைத்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றாள். அடுத்த நாள் அவர் விரலால் தடவிவிட்டு "ம்" என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மாதிரி.

முதலில் வரிசைக்கு ஆறோ ஏழோதான் மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பாதி. கடைசியில் அவர் வைத்ததில் எதுவும் தேறவில்லை. மொத்தத்தையும் துடைத்துவிட்டு அவளே வைத்தாள். அவர் குளித்து வருவதற்குள் இரண்டு வரிசையையும் துடைத்து வைத்து முடிக்கிற வேகம் அந்தக் கைக்கு வந்துவிட்டது. கிளினிக்கில் யாராவது, "என்னக்கா, கை சிவந்திருக்கு?" என்று கேட்டால் பாத்திரம் தேய்த்தேன் என்று சொல்லிவிடுவாள்.

நடுவில் ஒருநாள் அவர் அவளைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இங்க வா. இந்த இறக்கை வளைஞ்சிருக்கா பாரு."

அவள் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். "நேராத்தாங்க இருக்கு."

"எனக்குக் கோடெல்லாம் அலை அலையாத் தெரியுது." விரலால் தடவினார். தடவத் தடவ முகம் தெளிந்தது. "ஆமா, நேராத்தான் இருக்கு. கண்ணாடிதான் சரியில்ல. வேற தேச்சுப் போட்டுக்கிறேன்."

இப்படியே ஓடிய எட்டு மாதத்தில் தனக்குத்தானே நாலு கண்ணாடி மாற்றிக்கொண்டார்.

அலை அலையாகத் தெரிகிறது என்று கட்டின புருஷன் வாய்விட்டுச் சொல்கிறான், இருபத்தாறு வருஷ நர்ஸுக்கு மண்டையில் உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லையே! இன்னும் இரண்டாயிரம் புள்ளிதானே, முடித்துவிடுவோம் என்று பறந்துகொண்டிருந்தாள்.

கடைசிப் புள்ளியும் வைத்து முடித்த பதினோராம் நாள், கடையில் ஒரு வாடிக்கையாளரின் பிரேமில் இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். முதலாளியின் சட்டை தெரிந்தது, காதுகள் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு கறை இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண் டாக்டர் ஓர் அம்மா. விழிக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். படமெடுத்தார். பிறகு கேட்டார். "நேர்கோடெல்லாம் அலை மாதிரி தெரிய ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம் இருக்கும் டாக்டர்."

"எட்டு மாசமா! அப்பவே ஏன் வரல?"

கண்ணாடிக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி விளக்கம் சொன்னார். "கண்ணு வளைவுன்னு சொல்லிச்சு டாக்டர். விரல் நேர்னு சொல்லிச்சு. நான் விரலை நம்பினேன். கண்ணு கெட்டிருந்தா நான் வைக்கிற புள்ளி கோணலாத்தானே விழும்? தினம் தடவிப் பாப்பேன். ஒண்ணுகூட கோணல. ஒரே ஒரு வரிசை கோணியிருந்தாலும் மறுநாளே உங்ககிட்ட ஓடி வந்திருப்பேன். அதைத்தான் எனக்குப் பரிட்சையா வெச்சிருந்தேன்."

ஊசியக்கா பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. சத்தியம் பண்ணின மனுஷன் இந்தப் பரிட்சையை ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. டாக்டர் மேலே பேசிக்கொண்டே போனார்.

"அப்பவே வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம். வலது கண்ணுல நடுப்பார்வை முழுசாப் போயிடுச்சு. இடதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. மாசா மாசம் கண்ணுக்குள்ள ஊசி போட்டா அது நிக்கும். விட்டா அதுவும் போயிடும்."

வெளியே வந்ததும் அவர் சிரிக்கப் பார்த்தார். "ஊசிக்காரியைக் கட்டிக்கிட்டதுக்கு கண்ணுலயே குத்துறாங்க பாத்தியா." இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் அவளுடைய காதைப் பார்ப்பார். அப்போதுதான் முகத்தின் ஓரம் கொஞ்சம் தெரியுமாம். தன்னைப் பார்க்கிறவர் தன்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு வெடிக்கும்.

முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் கார் பெயின்டர் ஒருவர் மேலே பச்சையும் சாம்பலும், கீழே வெளிர் நீலமுமாக அடித்துக் கொடுத்துவிட்டார். கூட்டாளிகள் வேன் கொண்டுவந்து விமானத்தை மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ரிமோட்டைக் கூட்டாளிகளில் ஒருவரான பேக்கரிக்காரரிடம் கொடுத்தார் கண்ணாடிக்காரர். எந்த விமானத்தையும் கவிழ்த்துப் போட்டு ஓட்டுகிறவர் என்பதால் அவருக்குத் தலைகீழ் என்று பட்டப்பெயர்.

"தலைகீழு, இன்னைக்கு மட்டும் நேரா ஓட்டு, சாமி" என்றார் கண்ணாடிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு இன்ஜினும் பிடித்தன. இரண்டு சத்தமும் கலந்து ஒரே சத்தமானது. விமானம் தரையில் ஓடி, வால் தூக்கி, எழும்பிவிட்டது. கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

ஊசியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அதோ, மரத்துக்கு மேல வருதுங்க. தெரியுதா?"

"எங்க?"

"இப்ப நேரா நம்ம தலைக்கு மேல."

அவர் நிமிர்ந்தார். முகத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கண்ணின் ஓரத்தால் வானத்தை மூலை மூலையாகத் துழாவினார். ஒரு முறை விமானம் கிழக்கே திரும்பிக்கொண்டிருக்க, இவர் மேற்கே பார்த்து ஆவலாகச் சிரித்தார். கூட்டாளிகளில் ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ சொல்லு சிஸ்டர். எப்படி இருக்கு?"

அவள் என்ன சொல்வாள்? "பெருசா இருக்குங்க" என்றாள். "அழகா இருக்குங்க." நாலு வருஷ உழைப்புக்கு அந்த மனுஷனுக்குக் கிடைத்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

மூன்றாவது சுற்றில் அவர் திடீரென்று கத்தினார். "இடது இன்ஜின் போகுது! ரெண்டையும் கொறை! ரெண்டையும் கொறைய்யா!" யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. இரட்டை இன்ஜினில் ஒன்று நின்றால், ஓட்டுகிறவர் கை தானாக வேகத்தைக் கூட்டும். கூட்டினால் ஓடுகிற இன்ஜின் மட்டும் இழுத்து, விமானத்தைப் புரட்டித் தரையில் குத்திவிடும். தலைகீழ் அவர் சொன்னபடியே இரண்டையும் குறைத்தார். விமானம் மிதந்து வந்து, ஒரு கீறலில்லாமல் புல்லில் இறங்கியது. எல்லாரும் ஓடிவந்து கண்ணாடிக்காரரைக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு கூட்டாளிகள் டீ குடிக்க வேன் பக்கம் போனார்கள். விமானத்தை மேஜை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் இறக்கையை ஆள்காட்டி விரலால் நெடுகத் தடவினார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா சிஸ்டர்? கடைசியில நான் எதையும் சரியாப் பாக்காமத்தான் வெச்சேன். இருந்தும் ஒண்ணுகூட கோணல. கைக்குக் கண்ணு வேண்டியதில்ல. இன்னைக்கு இன்ஜினைக் காதாலயே பிடிச்சேன் இல்ல? அடுத்த விமானத்தை விரலாலயே கட்டிடுவேன். அந்த ஊசி வேணாம். நாளைக்குப் போக வேணாம். கண்ணுக்குள்ள அது வரும்போது எனக்கு உசுரே போகுது. மிச்சம் இருக்கிற துளிப் பார்வைக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? என் கை போதும் எனக்கு."

ஊசியக்கா யோசித்தாள். சொல்லாமல் இருந்தால் அந்தப் பெருமையாவது அவருக்கு மிஞ்சும். ஆனால் இடது கண்ணும் போய்விடும். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு அவர் வலது கண்ணைக் கொன்றது போதாதா?

"போகணுங்க" என்றாள். "உங்க கை போதாது. இந்தப் புள்ளி நீங்க வெச்சதில்ல."

"என்ன சொல்ற?"

"நாந்தான் வெச்சேன். நீங்க குளிக்கப் போனதும் தினமும் துடைச்சிட்டு நான் வெப்பேன். எட்டு மாசமா. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் டாக்டர்கிட்ட வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க மனசுல பரிட்சை வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. உங்க கண்ணை நாந்தாங்க கெடுத்தேன்."

அவர் விரல் இறக்கையின் மேல் நின்றுவிட்டது. பிறகு சூடுபட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் அவள் காதையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேன் பக்கம் யாரோ எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப," என்றார், "இதுல எது என்னோடது?"

அவள் அவர் விரலைப் பிடித்து விமானத்தின் மூக்கில் வைத்தாள். அவர் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார், ஒவ்வொரு புள்ளியாக, ஒன்றையும் விடாமல். கண்ணாடிக் கூண்டைத் தாண்டி, இறக்கை தொடங்குகிற இடத்துக்கு வந்ததும் அவள் அந்த விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது வரைக்குங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார். "நாளைக்கு ஊசிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

இந்தத் தடவையும் முடிவில் சிஸ்டர் என்று வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தை இல்லாமல் அவளிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

"பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டு, ஊசியக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.